படிப்படியாகக் கிடைக்கும் அனுமதி: நோயாளியின் வீட்டில் ஒரு புதிய சாரதி

பக்கவாதம் வந்த ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது மருந்துப் பட்டியலும் அடுத்த சந்திப்புகளுக்கான திகதிகளும் கொடுக்கப்படுகின்றன. அவற்றோடு இன்னொரு செய்தியும் பலருக்குச் சொல்லப்படுகிறது. தகுதி மீண்டும் உறுதிப்படுத்தப்படும் வரை வாகனம் ஓட்டக் கூடாது என்பதே அது. ஒன்ராறியோ மாகாணத்தில், வாகனம் ஓட்டுவதை ஆபத்தாக்கக்கூடிய சில நோய்நிலைகளைக் கண்டால் வைத்தியர் அதைப் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவிக்கச் சட்டத்தால் கடமைப்பட்டவர். என் கணவருக்கும் அவ்வாறே நேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாகனம் ஓட்டியவரின் சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டதாக ஒரு கடிதம் வந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டு நிலை இதுதான். கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் புனர்வாழ்வுச் சிகிச்சை. எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. வீட்டு வாசலில் கார் நிற்கிறது. பதினேழு வயது மகனிடம், மூன்று மாதங்களுக்கு முன் பெற்ற ஜி1 அனுமதிப்பத்திரம் இருக்கிறது. தந்தையை வைத்தியசாலைக்குத் தானே கொண்டுபோவதாக அவன் முன்வந்தான். பத்து நிமிடப் பயணம் தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று உறவினர் ஒருவரும் சொன்னார். அன்று எனக்கு அந்தச் சட்டத்தின் மீது கோபமே வந்தது. நோயாளி இருக்கும் வீட்டுக்கு இரக்கம் காட்டாத சட்டம் என்று நினைத்தேன்.

இந்த மடலை வாசிப்பவர்களில் பலர் அதே நிலையில் இருக்கக்கூடும். ஆகையால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய சாரதிகளுக்குப் படிப்படியாக அனுமதி வழங்கும் முறை சரியானது. நோயாளியைப் பராமரிக்கும் குடும்பங்களே அதை மற்றவர்களைவிட இறுக்கமாகக் கடைப்பிடிக்க வேண்டும். அதே வேளை, அந்தச் சட்டம் எங்கள் மீது சுமத்தும் பாரம் உண்மையானது. அதைக் குறைக்கும் வழி சட்டத்தை மீறுவதில் இல்லை. பக்கத்தில் அமர ஒருவரைத் தேடித் தருவதில் இருக்கிறது.

மூன்று படிகள்

ஒன்ராறியோவில் இந்த முறை 1994 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதன்முறையாக வாகனம் ஓட்டப் பழகும் அனைவருக்கும் இது பொதுவானது. பதினாறு வயதுப் பிள்ளைக்கும் ஐம்பது வயதுத் தாய்க்கும் தொடக்கம் ஒன்றே.

முதற்படி ஜி1. பதினாறு வயது நிறைந்த ஒருவர் கண்பார்வைச் சோதனையிலும் அறிவுப் பரீட்சையிலும் சித்தியடைந்தால் இதைப் பெறலாம். பரீட்சையில் வீதி விதிகள் பற்றி 20 கேள்விகள், வீதிச் சின்னங்கள் பற்றி 20 கேள்விகள். ஒவ்வொரு பகுதியிலும் 16 விடைகளாவது சரியாக இருக்க வேண்டும். தமிழிலும் இதை எழுதலாம்.

ஜி1 வைத்திருப்பவர் தனியாக ஓட்டக் கூடாது. முழு அனுமதிப்பத்திரமும் குறைந்தது நான்கு ஆண்டு அனுபவமும் உள்ள ஒருவர் முன்னிருக்கையில் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். முன்னிருக்கையில் அவரைத் தவிர வேறெவரும் இருக்கக் கூடாது. பயணிகள் அனைவருக்கும் வேலை செய்யும் இருக்கைப் பட்டி வேண்டும். ஓட்டுபவரின் இரத்தத்தில் மதுசாரம் பூச்சியமாக இருக்க வேண்டும். பக்கத்தில் அமர்பவருக்கோ 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓட்டக் கூடாது. 401 போன்ற 400 வரிசை நெடுஞ்சாலைகளிலும், குயின் எலிசபெத் வே, டொன் வலி பார்க்வே, கார்டினர் எக்ஸ்பிரஸ்வே போன்ற விரைவுச் சாலைகளிலும் செல்லக் கூடாது. அனுமதி பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே இந்தச் சாலைகளுக்கு விலக்கு உண்டு. தந்தையோ மாமாவோ பக்கத்தில் இருந்தாலும் 401 இல் ஏற முடியாது.

இந்த நிலையில் 12 மாதங்கள் இருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த பயிற்சி வகுப்பை முடித்தால் அது 8 மாதங்களாகக் குறையும். அதன் பின் முதலாவது வீதிப் பரீட்சை.

இரண்டாம் படி ஜி2. இப்போது தனியாக ஓட்டலாம், நெடுஞ்சாலையில் செல்லலாம், நள்ளிரவிலும் ஓட்டலாம். ஆயினும் மதுசாரம் பூச்சியமாகவே இருக்க வேண்டும். 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான சாரதிகளுக்கு மேலதிகக் கட்டுப்பாடு ஒன்று உண்டு. முதல் ஆறு மாதங்களில், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை, 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான பயணிகளில் ஒருவரை மட்டுமே ஏற்றலாம். ஆறு மாதங்களின் பின் மூவர் வரை ஏற்றலாம். நெருங்கிய குடும்பத்தினருக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது.

குறைந்தது 12 மாதங்களின் பின், நெடுஞ்சாலை ஓட்டத்தையும் உள்ளடக்கிய இரண்டாவது வீதிப் பரீட்சையில் சித்தியடைந்தால் மூன்றாம் படியான முழு ஜி அனுமதிப்பத்திரம் கிடைக்கும். இவை அனைத்தையும் ஐந்து ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும்.

புதிய சாரதிகள் செய்யும் தவறுகளுக்குத் தண்டனையும் கடுமையானது. கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டிக் குற்றவாளியாகக் காணப்படும் ஜி1, ஜி2 சாரதிக்கு முதல் முறை 30 நாட்கள், இரண்டாம் முறை 90 நாட்கள் அனுமதி இடைநிறுத்தப்படும். மூன்றாம் முறை அனுமதிப்பத்திரமே இரத்தாகி, எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்ய வேண்டும்.

படிகள் எதற்கு?

இந்த எண்ணத்தின் வேர் 1970களில் இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் வீதிப் பாதுகாப்பை ஆராய்ந்த உளவியலாளர் பட்ரீசியா வாலர், புதிய சாரதிக்கு முழுச் சுதந்திரத்தை ஒரே நாளில் கொடுப்பதற்குப் பதிலாக, ஆபத்துக் குறைந்த சூழலிலிருந்து ஆபத்துக் கூடிய சூழலுக்கு மெல்ல நகர்த்த வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தவர்களுள் ஒருவர். நியூசிலாந்து 1987 இல் அதை முழுமையான சட்டமாக நடைமுறைப்படுத்தியது. கனடாவில் ஒன்ராறியோ முன்சென்றது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் 1996 இல் தொடங்க, ஏனைய மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

இதன் அடிப்படையான உண்மை எளியது. பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் அமர்ந்திருக்கும் காலத்தில் பழகுநர்கள் மிகக் குறைவாகவே விபத்துக்குள்ளாகிறார்கள். அவர் இறங்கிச் சென்று, பிள்ளை தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களே ஒரு சாரதியின் வாழ்நாளில் ஆபத்து மிகுந்தவை. அந்த ஆபத்து முதல் ஆறு மாதங்களுக்குள் வேகமாகக் குறைகிறது. திருப்புவதும் நிறுத்துவதும் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். தரித்து நிற்கும் பேருந்தின் முன்னாலிருந்து ஒருவர் ஓடிவரக்கூடும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கும் கண் அவ்வளவு விரைவில் வராது. பல நூறு மணி நேரம் வீதியைப் பார்த்த பின்னரே அது வாய்க்கும்.

இரவும் சக வயதுப் பயணிகளும் ஏன் தனியாகக் கட்டுப்படுத்தப்படுகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. இளம் சாரதியின் காரில் சக வயதினர் கூடக் கூட உயிராபத்தும் கூடுகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகக் காணப்பட்டது. இரவில் பார்வை குறைகிறது, களைப்புக் கூடுகிறது. இவற்றைத் தொடக்கத்தில் விலக்கி வைத்தால், பிள்ளை தவறு செய்தாலும் அந்தத் தவறு உயிரைக் குடிக்கும் இடத்தில் நிகழாது.

ஒன்ராறியோவில் கிடைத்த பலனும் அளக்கப்பட்டது. இந்த முறை வருவதற்கு முன்பிருந்த 1993 ஆம் ஆண்டின் புதிய சாரதிகளோடு ஒப்பிட்டபோது, 1995 ஆம் ஆண்டின் புதிய சாரதிகளின் விபத்து வீதம் 31 சதவீதம் குறைவாக இருந்தது. அந்தக் குறைவுக்குள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வராமற்போன பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களின் பெயரை எவரும் அறிய முடியாது. ஏனெனில் அவர்களுக்கு எதுவும் நேரவில்லை.

நோயாளியின் வீட்டில் ஆபத்து ஏன் கூடுகிறது?

பராமரிப்பாளர்கள் இந்த விதிகளை மற்றவர்களைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, சாரதியின் மனநிலை. நோயாளியின் பிள்ளை சாதாரணப் பழகுநர் அல்ல. இரவில் தந்தையின் இருமலுக்கு விழித்தவன். பாடசாலை வேலை முடியாமல் எழுந்தவன். பக்கத்தில் இருக்கும் நோயாளி முகத்தைச் சுளித்தால் அவன் கண் வீதியை விட்டு அந்த முகத்துக்குப் போகும். சந்திப்புக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றமும் சேரும். அனுபவமுள்ள சாரதியையே தடுமாறச் செய்யும் சூழல் இது.

இரண்டாவது, பயணியின் உடல்நிலை. ஆரோக்கியமானவருக்குக் கழுத்து நோவோடு முடிந்துவிடும் ஒரு சிறு மோதல், குருதி உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கும், அண்மையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவருக்கும், எலும்பு தேய்ந்த முதியவருக்கும் மீண்டும் வைத்தியசாலைப் படுக்கையாக முடியக்கூடும்.

மூன்றாவது, பொறுப்பு. தனியாக ஓட்டும் ஜி1 சாரதி, சட்டப்படி அந்தப் பயணத்துக்கு அனுமதி இல்லாதவர். காப்புறுதி ஒப்பந்தம் சட்டப்படி அனுமதி பெற்றவரே ஓட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அந்த நிபந்தனை மீறப்பட்ட பின் விபத்து நேர்ந்தால், ஏற்கெனவே ஒரு வருமானத்தை இழந்த குடும்பம் இழப்பீட்டுச் சிக்கலிலும் மாட்டிக்கொள்ளும். அவற்றைவிடக் கொடியது, நான்தான் அப்பாவுக்கு இப்படிச் செய்தேன் என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை வாழ்வது. பத்து நிமிடப் பயணத்துக்காக அந்தப் பாரத்தைப் பதினேழு வயதுத் தோளில் வைக்கப் பெற்றோருக்கு உரிமை இல்லை.

மறுத்துச் சொல்லப்படுபவை

ஊரில் பதினான்கு வயதிலேயே உழவு இயந்திரம் ஓட்டியவர்கள் நாங்கள், இங்கே என்ன இவ்வளவு படிகள் என்று சிலர் கேட்பதுண்டு. ஊரில் ஓட்டியது உண்மை. அந்த வீதியில் எதிரே வந்தது மாட்டு வண்டியும் மிதிவண்டியும். இங்கே 401 இல் பல தடங்களில் பார ஊர்திகளுக்கு நடுவே மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் பனித்தூறலில் செல்ல வேண்டும். ஊரில் முறையான அனுமதிப்பத்திரம் பெற்று ஓட்டிய அனுபவத்தை ஆவணங்களோடு நிறுவுபவர்களுக்குக் காத்திருப்புக் காலத்தைக் குறைக்கும் ஏற்பாடும் இங்கே உண்டு. ஆகவே சட்டம் அனுபவத்தை மதிக்காமல் இல்லை. அதை வீதிப் பரீட்சையில் காட்டும்படி கேட்கிறது.

பயிற்சி வகுப்புக்கு அனுப்பினால் நான்கு மாதம் மிச்சம் தானே என்பது இன்னொரு வாதம். வகுப்புக்கு அனுப்புவது நல்லதே. ஆனால் அந்த நான்கு மாதச் சலுகையைப் பயன்படுத்தி முன்கூட்டியே தனியாக ஓட்டத் தொடங்கியவர்கள், முழுக் காலமும் காத்திருந்தவர்களைவிடக் கூடுதலாக விபத்துக்குள்ளானார்கள் என்பதே ஒன்ராறியோவில் கண்ட அனுபவம். வகுப்பறை ஒரு பிள்ளைக்கு விதிகளைக் கற்பிக்கும். காலம் தரும் பழக்கத்தை அது தராது. நாங்கள் மகனை வகுப்புக்கு அனுப்பினோம். சலுகையை மட்டும் எடுக்கவில்லை. அந்த நான்கு மாதங்களும் எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாதமே வலுவானது. வசதியுள்ள வீட்டில் இரண்டு மூன்று சாரதிகள் இருப்பார்கள். வாடகைக் காருக்குப் பணமும் இருக்கும். அண்மையில் குடியேறிய, ஒரே சாரதியை நோய்க்குப் பறிகொடுத்த குடும்பத்தையே இந்தச் சட்டம் கடுமையாகப் பாதிக்கிறது. என் கணவரின் அனுபவம் முழுவதும் அவரிடமே இருந்தது. ஆனாலும் அனுமதி இடைநிறுத்தப்பட்டவர் என்பதால் அவர் மகனின் பக்கத்தில் அமர்ந்து வழிகாட்ட முடியாது. இது அநீதி போலத் தோன்றியது. நிதானமாக யோசித்தபோது விளங்கியது. பக்கத்தில் அமர்பவர், தேவைப்பட்டால் சுக்கானைப் பிடிக்கவும் வாகனத்தைத் தானே பொறுப்பேற்கவும் கூடியவராக இருக்க வேண்டும். இடது கை இயங்காத ஒருவரால் அது இயலாது. தந்தையின் அனுமதியை நிறுத்திய கொள்கையும் மகனின் அனுமதியைத் தாமதப்படுத்தும் கொள்கையும் ஒன்றே: வீதியில் ஒருவருக்கு இடம் தரப்படுவது அவரது அன்றைய ஆற்றலைப் பொறுத்தது. எண்பது வயதில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முதியவர்களிடம் கண்பார்வைச் சோதனையும் வேறு மதிப்பீடுகளும் கேட்கப்படுவதும் அதே கொள்கையால்தான். ஒன்றை நியாயம் என்று ஏற்று மற்றொன்றைக் கொடுமை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

நள்ளிரவில் நெஞ்சு வலித்தால்

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் நோயாளிக்கு நெஞ்சு வலியோ, வாய் கோணலோ, மூச்சுத் திணறலோ வந்தால், ஜி1 வைத்திருக்கும் பிள்ளையைக் காரை எடுக்கச் சொல்லாதீர்கள். முழு அனுமதி உள்ளவரும் அந்த நேரத்தில் காரை எடுக்காமலிருப்பதே நல்லது. 911 ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராதவர்கள் தமிழ் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரின் உதவி கிடைக்கும்.

கட்டணத்துக்கு அஞ்சிப் பலர் அழைக்கத் தயங்குகிறார்கள். ஓஹிப் உள்ளவருக்கு, மருத்துவ ரீதியாகத் தேவையான அம்புலன்ஸ் பயணத்துக்கு அறவிடப்படுவது வழக்கமாக 45 டொலர். சமூக உதவி பெறுபவர்கள் போன்ற சிலருக்கு அதுவும் இல்லை. அந்தத் தொகைக்குக் கிடைப்பது வெறும் பயணம் மட்டுமல்ல. அம்புலன்ஸில் சிகிச்சை உங்கள் வாசலிலேயே தொடங்குகிறது. எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற தீர்மானமும் வழியிலேயே எடுக்கப்படுகிறது. பதறும் பிள்ளை ஓட்டும் காரின் பின்னிருக்கையில் இவற்றில் எதுவும் கிடைக்காது.

நாம் செய்யக்கூடியவை

சட்டத்தை மீறாமலே ஜி1 பிள்ளை நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுவர வழி உண்டு. முழு ஜி அனுமதியும் நான்கு ஆண்டு அனுபவமும் உள்ள ஒருவர் முன்னிருக்கையில் அமர்ந்தால், நோயாளி பின்னிருக்கையில் பட்டி அணிந்து வரலாம். எங்கள் வீட்டில் இதுவே நடந்தது. என் தமையனார் வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போகும் முன் வந்தார். மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற அயலவர் ஒருவர் வந்தார். 401 இல் ஏறாமல் ஷெப்பர்ட், எல்ஸ்மியர் வீதிகளால் சென்றோம். பதினைந்து நிமிடம் கூடுதலாக எடுத்தது. அதற்கேற்ப முன்கூட்டியே புறப்பட்டோம். முதல் சில வாரங்கள் போகும்போது தமையனார் ஓட்டினார். நோயாளியை இறக்கிய பின், அந்த ஒன்றரை மணி நேரத்தில் மகன் அமைதியான தெருக்களில் பழகினான். கை நிதானப்பட்ட பின்னரே தந்தையை வைத்து ஓட்டினான்.

பக்கத்தில் அமர வருபவருக்கும் ஒரு சொல். தூக்கம் வரச் செய்யும் மாத்திரை எடுத்திருந்தால், அல்லது இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தால், அந்த இடத்தில் அமராதீர்கள். நீங்கள் அங்கே இருப்பது இரண்டாவது சாரதியாக.

ஜி2 கிடைத்த பின்னும் குடும்பம் தனக்கென்று சில படிகளை வைத்துக்கொள்ளலாம். முதல் மாதம் பகலில் மட்டும், முதல் பனிப்பொழிவில் அனுபவமுள்ள ஒருவரோடு, நண்பர்கள் இல்லாமல். அதோடு, பிள்ளை ஓட்டிக்கொண்டிருக்கும்போது எங்கே நிற்கிறாய் என்று அழைக்கும் வழக்கத்தைப் பெற்றோர் விட வேண்டும். அம்மாவின் அழைப்பை எடுக்காமலிருப்பது பிள்ளைக்கு எளிதல்ல. அந்த அழைப்பே அவனது அனுமதிப்பத்திரத்தையும், சில வேளை அதைவிடப் பெரியதையும் பறிக்கக்கூடும்.

வேறு வழிகளும் உண்டு. ரொறன்ரோவில் வசிப்பவர்கள், உடல் இயலாமையால் வழமையான பேருந்தில் செல்ல முடியாதவர்களாயின், ரி.ரி.சி.யின் வீல்-ட்ரான்ஸ் சேவைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் முடிவாகச் சிறிது காலம் எடுக்கும். ஆதலால் வைத்தியசாலையில் இருக்கும்போதே தாதியிடமோ சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வருபவர்கள் கனடியப் புற்றுநோய்ச் சங்கத்தின் போக்குவரத்து உதவியைப் பற்றி விசாரிக்கலாம்.

வைத்தியசாலைகளிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்து பற்றிக் கேட்பது போல, அடுத்த சந்திப்புக்கு யார் உங்களைக் கொண்டுவருவார் என்றும் கேளுங்கள். வீட்டில் இருப்பது பழகுநர் மட்டுமே என்று தெரிந்தால், அதிகாலை நேரத்தைத் தவிர்த்து முற்பகலில் சந்திப்புக் கொடுங்கள். காலை 6 மணிக்குத் தொடங்கும் இரத்தச் சுத்திகரிப்புக்கு 5 மணிக்கு முன்பே புறப்பட வேண்டிய வீட்டில், பக்கத்தில் அமர ஆள் இருந்தாலும் ஜி1 சாரதி ஓட்ட முடியாது. நேரத்தைச் சற்றுத் தள்ளி வைப்பது வைத்தியசாலைக்குச் சிறிய விடயம். ஒரு குடும்பத்துக்கோ சட்டத்துக்குள் நிற்க முடிகிறதா இல்லையா என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

கடைசியாக, நம் சமூகத்தில் முழு அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோரிடம். கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் நேரம் கொடுக்கிறீர்கள். ஊர்ச் சங்கங்களுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். நோயாளி இருக்கும் ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுங்கள். நீங்கள் ஓட்டக்கூடத் தேவையில்லை. பக்கத்தில் அமர்ந்தாலே போதும். நோயாளி சிகிச்சைக்குப் போய்ச் சேர்வார். பிள்ளைக்கு வேறெங்கும் விலைக்கு வாங்க முடியாத பழக்கம் கிடைக்கும்.

எங்கள் மகன் 12 மாதங்கள் முடிந்து கோடையில் ஜி2 பெற்றான். தந்தையைத் தனியாக ஏற்றிச் சென்ற முதல் நாளும் ஷெப்பர்ட் வீதியாலேயே போனான். நெடுஞ்சாலையில் போகலாமே என்று தந்தை கேட்டதற்கு, அடுத்த மாதம் பார்ப்போம் என்றானாம். கணவருக்கு இன்னும் அனுமதி திரும்பவில்லை. நான் இப்போது ஜி1 பரீட்சையைத் தமிழில் எழுதிச் சித்தியடைந்திருக்கிறேன். மகன் எனக்குப் பழக்கித் தர விரும்புகிறான். ஆனால் அவனிடம் முழு அனுமதியும் இல்லை, நான்கு ஆண்டு அனுபவமும் இல்லை. ஆகவே என் தமையனார் மறுபடியும் வருகிறார்.